முடி மாற்றுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்: என் 18 மாதச் சேமிப்பு போன விதம்

நேற்று மாலை வேறொரு தோல் டாக்டர் என் பின்னந்தலையை விளக்கு வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனிமே இங்கேருந்து எடுக்கறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லம்மா." வீட்டுக்கு வந்ததிலிருந்து தூக்கம் இல்லை. 18 மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. பணமாவது இன்னொரு 18 மாதத்தில் சேரும். முன்னால் நடுவதற்காகப் பின்னந்தலையிலிருந்து எடுத்த முடி திரும்ப முளைக்காது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பணம் கட்டும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் ஒரு பட்டியலே தருகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நான் திருநங்கை. இருபத்தைந்து வயதுக்குள் நெற்றி இரண்டு ஓரத்திலும் ஏறிவிட்டது. ஹார்மோன் சிகிச்சை ஆரம்பித்தபோது முகம் மென்மையானது, தோல் மாறியது, ஆனால் கண்ணாடியில் நெற்றி மட்டும் பழைய ஆளையே காட்டியது. விக் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். காற்று அடித்தால் என் கை தானாக நெற்றிக்குப் போய்விடும். யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் முதலில் விக் நகர்ந்ததா என்றுதான் பார்ப்பேன். இதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. நிறையக் கிளைகள் உள்ள முடி மாற்று மையம், எங்கு பார்த்தாலும் விளம்பரம் ஓடும் வகை. திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் தனிக் கவனிப்பு உண்டு என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் போனேன்.

நான் விழுந்த இடம் எது என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். ஆலோசனை சொல்ல வந்த பெண் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உங்கள எப்படிக் கூப்பிடணும் மேடம்?" எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் வரிசையில் நின்றிருக்கிறேன், பழைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைப்பார்கள். என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அப்புறம் ஒரு வெள்ளைப் பென்சிலை எடுத்து என் நெற்றியில் மெதுவாக ஒரு கோடு வரைந்தாள். ஓரங்களை மூடி, நடுவில் லேசாக இறங்கி, காதுப் பக்கம் வளைந்து போகும் கோடு. கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். நான் அழுதுவிட்டேன். "எல்லாரும் இந்த இடத்துலதான் அழுவாங்க மேடம்" என்று டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

அந்தப் பென்சில் கோட்டுக்குத்தான் 18 மாதச் சேமிப்பைக் கொடுத்தேன்.

கையெழுத்து போடும் முன் ஒன்று கேட்டேன். "ஹார்மோன் எடுக்க ஆரம்பிச்சு நாலு மாசம்தான் ஆகுது, கொஞ்சம் பொறுத்துப் பண்ணலாமா?" உடனே பதில் வந்தது: "ஹார்மோனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மேடம். முடி இல்லாத இடத்துல முடி வைக்கிறோம், அவ்வளவுதான். ஆஃபர் இந்த மாசத்தோட முடியுது." இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

ஆபரேஷன் அன்று அவள் இல்லை. டாக்டர் என்று ஒருவர் வந்து ஐந்து நிமிடம் நின்றார், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார், போய்விட்டார். அப்புறம் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. மாத்திரை கொடுத்திருந்ததால் எனக்குக் கண் சொக்கியது. ஒரு பையன் மார்க்கர் பேனாவால் நெற்றியில் கோடு போட்டான். "ரவுண்டா வரணும்ங்க" என்றேன். "எல்லாம் ஃபைல்ல இருக்கு" என்றான். கண்ணாடி கேட்டேன், தரவில்லை. குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, பின்னந்தலையில் துளைக்க ஆரம்பித்தார்கள். வலி இல்லை, சத்தம் மட்டும் கேட்டது. டக், டக், டக் என்று மணிக்கணக்காக. இரண்டு பேர் தலைக்கு மேல் ஏதோ கல்யாணக் கதை பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். முடிவில் 3,200 கிராஃப்ட், அதாவது வேரோடு எடுத்து நடும் சின்ன முடிக்கொத்து, வைத்ததாகச் சொன்னார்கள். எத்தனை கிராஃப்டில் ஒற்றை முடி, எத்தனையில் இரண்டு மூன்று என்ற கணக்கைக் கேட்டேன். மெயிலில் வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

வைத்த முடி முதல் சில வாரங்களில் உதிர்ந்தது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோருக்கும் அப்படித்தான் நடக்கும். வேர் உள்ளே இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்க ஆரம்பிக்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும். இந்த உண்மையை வைத்துத்தான் என்னை ஏமாற்றினார்கள்.

ஆறாவது மாதம் முடி கொஞ்சம் வளர்ந்ததும் உருவம் தெரிந்தது. பென்சிலில் வரைந்த வளைவு எங்கேயும் இல்லை. இரண்டு ஓரத்திலும் உள்வாங்கிய, அசல் ஆண்களின் நெற்றிக்கோடு. எது பிடிக்காமல் போனேனோ அதையே இன்னும் அழுத்தமாக வரைந்து அனுப்பியிருக்கிறார்கள்! முன்வரிசையில் ஒரே துளையிலிருந்து இரண்டும் மூன்றுமாகத் தடித்த முடி, பல் துலக்கும் பிரஷ் மாதிரி நேராக விறைத்து நின்றது. பின்னந்தலையைப் படம் எடுத்துப் பார்த்தால் பூச்சி அரித்த துணி போலத் திட்டுத் திட்டாக இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். நான்காவது மாதமே சந்தேகமாக இருக்கிறது என்று கேட்டதற்கு "ஆறு மாசம் பாருங்க மேடம்" என்றார்கள். ஆறாம் மாதம் "ஒன்பது மாசம் ஆகட்டும்" என்றார்கள். ஒன்பதில் போனால் ரத்தத்தை எடுத்துச் சுழற்றித் தலையில் ஊசியாகப் போடும் பிஆர்பி ஆறு தடவை செய்துகொள்ளுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அதற்குள் அந்த முதல் பெண் வேலையை விட்டுப் போயிருந்தாள். போனில் பேசியவன் என் பதிவைத் திறந்து பார்த்தான், அடுத்த வாக்கியத்திலிருந்து "சார்" என்று ஆரம்பித்தான். திருத்தினேன். "சரிங்க சார்" என்றான். பணம் வாங்கும் வரை மேடம், கணக்குக் கேட்டால் சார். நான் இந்தப் பதிவை எழுதப் பாதிக் காரணம் இந்த ஒரு சொல்.

பன்னிரண்டாவது மாதம் முடிந்து மூன்றாம் நாள் ஒரு மெயில் வந்தது. கேரண்டிக் காலம் முடிந்துவிட்டதாம். அதோடு ஒரு வரி: நீங்கள் ஹார்மோன் எடுத்துக்கொள்வதால் பலன் குறைந்திருக்கலாம். ஹார்மோனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லி என் 18 மாதச் சேமிப்பை வாங்கியவர்கள் எழுதிய வரி இது. வாசித்தபோது கை நடுங்கியது.

நேற்றைய டாக்டர் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடம்பு டிஹெச்டி என்ற இன்னொரு ஹார்மோனை உண்டாக்குகிறது. வழுக்கை விழும் வாகு உள்ளவர்களுக்கு அது முன்தலை, உச்சி முடிகளின் வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடும். திருநங்கைகள் எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் மருந்தும் எடுக்கும்போது அந்தச் சுருக்கம் நிற்கும், முழுக்கச் செத்துப்போகாத வேர்களில் முடி கொஞ்சம் தடிக்கவும் செய்யும். பல வருடம் வழவழவென்று கிடந்த இடம் அதனால் மட்டும் திரும்பாது. அதனால் ஹார்மோன் அளவு நிலைத்து, குறைந்தது ஒரு வருடமாவது பொறுத்து, எது திரும்பியது எது திரும்பவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனைப் பற்றியே பேச வேண்டும். நான் போனது நான்காவது மாதம். பாதி இடத்துக்கு ஆபரேஷன் தேவைப்பட்டிருக்குமா என்பதே இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பின்னந்தலை முடி எண்ணி வைத்த சொத்து என்றார். எடுத்த துளையில் மறுபடி வளராது, வாழ்நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். முன்வரிசைக்கு ஒற்றை முடி கிராஃப்டுகளைத்தான் வைக்க வேண்டும், அதுவும் தோலோடு படிந்த சாய்வில். இல்லாவிட்டால் நட்ட முடி நட்ட மாதிரியே தெரியும். எனக்குத் தெரிகிறது.

நெற்றி மட்டும் உயரமாக இருப்பவர்களுக்கு உச்சித்தோலையே முன்னால் இழுத்துத் தைக்கும் ஆபரேஷன் ஒன்று உண்டாம். பின்னந்தலையிலிருந்து முடியே எடுக்க வேண்டாம், கோட்டோரம் ஒரு தழும்பு விழும், அதை மறைக்கப் பிறகு கொஞ்சம் கிராஃப்ட் போதும். அப்புறம் நெற்றி எலும்பைச் செதுக்கும் முகப் பெண்மையாக்க ஆபரேஷன் எண்ணம் இருந்தால் வெட்டு பெரும்பாலும் முடிக்கோட்டை ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னாலோதான் வரும், ஆகவே அதை முடித்து ஆறிய பிறகே முடி வைக்க வேண்டும். எனக்கு அந்த எண்ணம் உண்டு. அந்த மையத்தில் ஒருவர்கூட கேட்கவில்லை.

மாத்திரை விஷயமும் உண்டு. என் பேக்கேஜில் ஒரு வருடத்துக்கு ஃபினாஸ்டரைடு சேர்த்திருந்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் டிஹெச்டியாக மாறுவதைத் தடுக்கும் மருந்து அது. டெஸ்டோஸ்டிரோனே ஏற்கெனவே நன்றாக இறங்கிய ஒருத்திக்கு அதனால் கூடுதல் பலன் கொஞ்சம்தான் என்றார் டாக்டர். கூடவே பெயர் இல்லாத டப்பாவில் "முடி மாத்திரை" ஒன்று. அது மினாக்ஸிடில் என்று மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்காக வந்த மருந்து. டெஸ்டோஸ்டிரோனை அடக்க நான் எடுக்கும் ஸ்பைரனோலாக்டோனும் அழுத்தத்தை இறக்கும். ஒரு நாள் காலையில் குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண் இருட்டி நின்றது எதனால் என்று நேற்றுதான் புரிந்தது. நான் வேறு என்ன மருந்து எடுக்கிறேன் என்று அந்த இடத்தில் யாரும் கேட்டதில்லை.

எனக்குத் தம்பி மாதிரி ஒரு திருநம்பி. அவனுக்கும் அதே மையத்தில் தாடியில் முடி நடுவதற்குத் தேதி குறித்திருந்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் ஆரம்பித்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. தாடி முழுசாக வளர 4, 5 வருடம்கூட ஆகலாம், அதற்குள் எதற்கு அவசரம்? நேற்று இரவே போன் செய்தேன். "அக்கா, அட்வான்ஸ் கட்டிட்டேனே" என்றான். போனால் போகட்டும், மீதியையாவது காப்பாற்று என்றேன். அவனுக்கு உச்சியில் முடி கொட்டுகிறது, அதற்கு ஃபினாஸ்டரைடு எழுதித் தந்திருக்கிறார்கள். அது தாடி வளர்ச்சியையும் மந்தமாக்கக்கூடும் என்று யாரும் சொல்லவில்லை. கர்ப்பம் தரிக்க வாய்ப்புள்ளவர்கள் அதை எடுக்கவே கூடாது, ஆண் கருவின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கும். அதையும் யாரும் சொல்லவில்லை.

பட்டியல் தருகிறேன் என்றேன். உட்கார்ந்து வரிசைப்படுத்த இப்போது மனம் ஓடவில்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். முடிக்கோட்டை வரைபவர், துளைப்பவர், நடுபவர் யார் யார் என்று எழுத்தில் வாங்குங்கள், டாக்டர் எவ்வளவு நேரம் அறையில் இருப்பார் என்பதையும் சேர்த்து. வரைந்த கோட்டை அங்கேயே உங்கள் போனில் படம் எடுங்கள். ஆபரேஷன் அன்று கண்ணாடியில் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே தூக்க மாத்திரையை வாயில் போடுங்கள். உங்கள் ஹார்மோன் டாக்டரிடம் கேட்காமல் அவர்கள் தரும் எந்த மாத்திரையும் வேண்டாம். ஆஃபர் இந்த மாதத்தோடு முடிகிறது என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

முன்வரிசைத் தடித்த முடிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதை வைத்து ஓரங்களைக் கொஞ்சம் மூடிப் பார்க்கலாம் என்று நேற்றைய டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது இல்லை, அடுத்த வருடம். அதுவரை விக்தான். என் 18 மாதச் சேமிப்புக்கான ரசீது, அந்த மெயில், படங்கள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கின்றன. திங்கள்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். அதே மாதிரி இடத்தில் இந்த வாரம் யாருக்காவது தேதி இருந்தால் தயவுசெய்து இப்போதே போன் செய்து தள்ளிப் போடுங்கள்.