மீல் மேக்கர்: கறியைக் குறைக்க நினைப்பவர்கள் எதை வாங்கலாம், எப்படிச் சமைக்கலாம்?

கறியை ஒரேயடியாக நிறுத்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பருப்பு, பயறு, காய்கறி பக்கம் வர நினைக்கும் வீட்டுக்கு எளிதில் கைக்கு எட்டுவது மீல் மேக்கர். தெருமுனை மளிகைக் கடையிலேயே கிடைக்கும். பெரிய உருண்டை, சின்ன உருண்டை, தூள் என்று மூன்று அளவில் வருகிறது. தூளைச் சில கடைகளில் கிரானுல்ஸ் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். பலரும் எடுப்பது பெரிய உருண்டை. புதிதாகத் தொடங்குபவர் எடுக்க வேண்டியதோ தூள்.

பெரிய உருண்டையின் நடுப்பகுதிக்கு உப்பும் மசாலாவும் சீக்கிரம் இறங்காது. வெளியே காரசாரமாக இருக்கும், கடித்தால் உள்ளே சப்பென்று மாவு வாடை அடிக்கும். ஒருமுறை சாப்பிட்டுவிட்டு "எனக்கு மீல் மேக்கரே ஆகாது" என்று ஒதுக்கிவிட இது போதும். தூளில் அந்தச் சிக்கல் இல்லை. உருண்டைதான் வேண்டும் என்பவர்கள் ஊறவைத்துப் பிழிந்த பிறகு இரண்டாக நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரை மணி நேரம் பிசறி வைத்துவிட்டுச் சமைக்க வேண்டும்.

எண்ணெய் பிழிந்தெடுத்த சோயா மாவைச் சூடும் அழுத்தமும் கொடுத்துத் துளை வழியே தள்ளும்போது உப்பி வருவதுதான் இது. 100 கிராமில் சுமார் 52 கிராம் புரதம் இருக்கும். கொழுப்பு 1 கிராம்கூட இராது. ஆனால் இது உலர்ந்த எடைக்கான கணக்கு. ஊறினால் எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும், அதனால் தட்டில் இருக்கும் 100 கிராமில் 17 கிராம் புரதம்தான் மிஞ்சும். ஆளுக்கு 25 கிராம் உலர்ந்த தூள் எடுத்தால் 13 கிராம் கிடைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாள் தேவையில் இது கால் பங்கு.

ருசி கெடுவது பெரும்பாலும் ஊறவைப்பதில்தான். 50 கிராம் தூளுக்கு இரண்டு டம்ளர் தண்ணீரை அரை டீஸ்பூன் உப்போடு தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்துத் தூளைக் கொட்டி மூடுங்கள். தூளுக்கு 5 நிமிடம், சின்ன உருண்டைக்கு 10, பெரியதற்கு 15. வடித்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒவ்வொரு முறையும் ஒட்டப் பிழிய வேண்டும். ஊறிய தண்ணீரைக் குழம்பில் சேர்க்காதீர்கள். சோயா வாடையும், வயிற்றில் வாய்வை உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அதில்தான் இறங்கியிருக்கும். தூளை மெல்லிய துணியில் கட்டி முறுக்கிப் பிழிவதே சரி. வடிகட்டியில் கரண்டியால் அழுத்தினால் பாதித் தண்ணீர் உள்ளேயே நிற்கும். அந்த ஈரத்தோடு வாணலியில் போட்டால் வதங்காமல் ஆவியில் வேகும், மசாலாவும் நீர்த்துப்போகும். பிழிந்த தூளை எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் மூன்று நான்கு நிமிடம் புரட்டி எடுத்தால் மிச்ச வாடையும் போய்விடும்.

கறியோடு கலந்து தொடங்குவதுதான் வீட்டில் முணுமுணுப்பு வராத வழி. வழக்கமாக 400 கிராம் கொத்துக்கறி வாங்கும் வீடு 300 கிராம் வாங்கி, 35 கிராம் உலர்ந்த தூளை ஊறவைத்துச் சேர்க்கட்டும். நாக்கு பழகியதும் கறி 200, தூள் 70. கறி முக்கால் பதம் வெந்த பிறகுதான் தூளைச் சேர்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே குக்கரில் போட்டு நாலு விசில் விட்டால் கூழாகிவிடும். தூளுக்கென்று கொழுப்பு கிடையாது, மசாலாவையும் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயும் அரை டம்ளர் தண்ணீரும் கூடுதலாகத் தேவைப்படும். இல்லாவிட்டால் தொண்டையில் அடைப்பது போல வறண்டுவிடும்.

வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். கொழுப்பு நீக்கிய சோயா மாவு என்ற ஒன்று மட்டும் இருந்தால் போதும். சில்லறையில் அள்ளித் தருவதானால் வெளிர் மஞ்சளாக, உடையாமல் இருக்க வேண்டும். புளித்த வாடை அடித்தால் வாங்காதீர்கள்.

பாக்கெட்டில் இதய நலம் என்று போட்டிருந்தால் அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். சோயா புரதம் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று எழுதிக்கொள்ள அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1999-இல் அனுமதித்தது, சான்றுகள் ஒத்துப்போகவில்லை என்று 2017-இல் அதைத் திரும்பப் பெற முன்மொழிந்ததும் அதே அமைப்புதான். கொழுப்பு மிகுந்த ஆட்டுக்கறிக்குப் பதிலாகச் சாப்பிடும்போது இதயத்துக்கு ஆகாத நிறைகொழுப்பு குறைகிறதே, அந்தப் பலன் உறுதியானது. கறியும் குறையாமல் இதையும் சேர்த்துக்கொண்டால் அந்தப் பலன் கிடைக்காது.

இரும்புச்சத்து நிறைய இருந்தாலும் ஃபைட்டேட் என்ற பொருள் அதை உடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், காபி, டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பி12 இதில் இயற்கையாக இல்லை. பால், முட்டையையும் விடப்போகிறவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்வது கட்டாயம். தைராய்டுக்கு லெவோதைராக்சின் எடுப்பவர்கள் மாத்திரைக்கும் மீல் மேக்கருக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தொடக் கூடாது. சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் இது போதும். மற்ற நாட்களில் பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி இருக்கட்டும். தள்ளுவண்டியில் மாவில் தோய்த்துப் பொரித்துத் தரும் சோயா 65-ஐ மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.