ஒரே பாத்திரத்தில் இரவுச் சாப்பாடு: குக்கர், அடிகனமான பாத்திரம், ரைஸ் குக்கர், ஓவன் தட்டு – எது எதற்கு?

‘ஒரே பாத்திரத்தில் செய்யலாம்’ என்று வரும் குறிப்புகள் பலவற்றை ஒழுங்காக எண்ணிப் பார்த்தால் நாலு பாத்திரம் தேறும். கோழியை வதக்கித் தனியே எடுத்து வைக்கச் சொன்னால் ஒரு தட்டு. பாஸ்தாவை வடிக்கச் சொன்னால் ஒரு வடிகூடை. விழுது அரைக்கச் சொன்னால் மிக்ஸி ஜார், அதன் மூடி, பிளேடு இடுக்கு எல்லாமே. அதனால் இங்கே எண்ணிக்கையோடு மூன்று கேள்விகளும் சேர்கின்றன: அடியில் என்ன ஒட்டும், அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், கழுவ எத்தனை இடுக்கு இருக்கிறது? அளவுகள் எல்லாம் 4 பேருக்கு. ஒரு கப் என்பது 240 மில்லி.

பிரஷர் குக்கர்

பருப்பு, பயறு, கடலை என்று வந்தால் இதற்குப் போட்டி இல்லை. அழுத்தம் ஏறியதும் உள்ளே வெப்பம் 120 டிகிரி செல்சியஸை நெருங்கும். 8 மணி நேரம் ஊறிய கொண்டைக்கடலை சாதாரணப் பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகும். குக்கரில் 15 முதல் 20 நிமிடம் போதும்.

அரிசி பருப்பைக் குழைய வேகவைக்க 5 லிட்டர் குக்கரில் 1¼ கப் அரிசி, ½ கப் பாசிப்பருப்பு, 2 கப் காய்கறி, 5 கப் தண்ணீர். அழுத்தம் வந்ததும் தீயைக் குறைத்து 8 நிமிடம், அணைத்துவிட்டு 10 நிமிடம். விசிலை எண்ணுவதைவிட நிமிடத்தை எண்ணுவது நல்லது. தீ அதிகமாக இருந்தால் விசில் அடுத்தடுத்து வரும். அதற்காக உள்ளே இருப்பது சீக்கிரம் வெந்துவிடாது.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, நிரப்பும் அளவு. நுரைக்கிற அரிசி, பருப்பு வகைகளைத் தண்ணீரோடு சேர்த்துப் பாதி குக்கருக்கு மேல் போகவிடக் கூடாது. மற்றவை மூன்றில் இரண்டு பங்கு வரை. மீறினால் மாவுத் தண்ணீர் வெயிட் வழியாகப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும், ஆவிக்குழாய் அடைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு. அவசரத்தில் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினாலும் அதே பொங்கல்தான். இரண்டாவது, தக்காளி. கெட்டியான தக்காளி விழுது அடியில் தங்கிக் கருகும், மூடியை மூடிய பிறகு கிளறவும் வழியில்லை. அதோடு புளிப்பு சேர்ந்தால் கடலை, பயறு மெத்தென்று வேக மறுக்கும். அவை வெந்த பிறகு, திறந்த குக்கரில் தக்காளியைச் சேர்த்து 5 நிமிடம் கொதிக்கவிடுவது இரண்டுக்கும் தீர்வு.

கழுவ வேண்டியவை: பாத்திரம், மூடி, கேஸ்கட், வெயிட். கேஸ்கட்டைக் கழற்றிக் கழுவாவிட்டால் பழைய மசாலா வாசனை அடுத்த சமையலிலும் வரும்.

அடிகனமான அகலப் பாத்திரம்

மூடியோடு கூடிய 4 அல்லது 5 லிட்டர் பாத்திரம். நேரம் கொஞ்சம் அதிகம் எடுக்கும். ஆனால் எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், ருசி பார்க்கலாம், தண்ணீர் சேர்க்கலாம். வேலை முடிந்து வந்து அரைக் கவனத்தோடு சமைப்பவருக்கு இது பெரிய வசதி.

கோழியும் சாதமும்: எலும்பில்லாத தொடைக்கறி 500 கிராம், 20 நிமிடம் ஊறவைத்து வடித்த நீள அரிசி 2 கப், தண்ணீர் 3 கப். கறியை 5 நிமிடம் கிளறாமல் சிவக்கவிட்டு, அதே இடத்தில் வெங்காயத்தைச் சேர்க்க வேண்டும். அதிலிருந்து விடும் ஈரத்தில் அடியில் பிடித்த பழுப்பு கரைந்து வரும். மரக்கரண்டியால் சுரண்டிவிட்டால் ருசியும் கூடும், பிறகு தேய்க்கும் வேலையும் குறையும். தண்ணீர் கொதித்ததும் அரிசி, மூடி, சிறு தீயில் 12 நிமிடம், அணைத்து 10 நிமிடம். நெஞ்சுக்கறி இந்த நேரத்துக்குள் வறண்டுவிடும், தொடைக்கறியே சரி.

விருந்தாளி வந்து அளவை இரட்டிப்பாக்கினால் சாதம் குழைவது ஏன் என்பதற்கும் இங்கேதான் பதில். அரிசி குடிப்பது ஏறக்குறைய தன் அளவுத் தண்ணீரை மட்டுமே. மிச்சம் ஆவியாகப் போகும். 2 கப் அரிசிக்கு 3 கப் என்றால், அதில் ஒரு கப் ஆவிக்கான பங்கு. அதே பாத்திரத்தில் அரிசியை 4 கப் ஆக்கும்போது ஆவியின் பங்கு இரட்டிப்பாகாது. 6 கப் ஊற்றினால் களியாகும். 5 கப்பை ஒட்டி நிறுத்த வேண்டும். காளான், தக்காளி போன்ற நீர் விடும் காய் இருந்தால் இன்னும் கால் கப் குறைக்கலாம்.

பாஸ்தாவும் இதில் வடிக்காமல் வரும். 350 கிராமுக்கு 1.1 லிட்டர் தண்ணீர், உப்பு ஒரு டீஸ்பூனில் தொடங்கிக் கடைசியில் சரிபார்க்க வேண்டும். வடிக்காததால் போட்ட உப்பெல்லாம் சாப்பாட்டிலேயே தங்கும். முதல் 2 நிமிடம் விடாமல் கிளறாவிட்டால் மேல்மாவு இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ரைஸ் குக்கர்

பொத்தானை அழுத்திவிட்டு நகர்ந்துவிடலாம் என்பதே இதன் பலம். தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகம் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். வற்றியதும் வெப்பம் ஏற, சுவிட்ச் தானே மாறும். சிக்கலும் இதனாலேயே: வெறும் எண்ணெயில் வெங்காயம் வதக்கினாலோ, கெட்டி மசாலா அடியில் தங்கினாலோ தண்ணீர் வற்றிவிட்டதாக நினைத்துச் சாதாரண ரைஸ் குக்கர் பாதியில் நின்றுவிடும். அரிசியைத் தண்ணீரோடு போட்டு, காய்களை மேலே பரப்பி, மசாலாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். வறுத்த ருசி கிடைக்காது. ஒட்டாத பூச்சு உள்ள பாத்திரம் என்றால் உலோகக் கரண்டி கூடாது.

ஓவன் தட்டு

கழுவும் வேலையில் முதலிடம் இதற்கே, பேக்கிங் காகிதம் விரித்தால் தட்டைத் துடைத்தாலே போதும். ஆனால் 4 பேருக்கு ஒரு தட்டு போதாது. நெருக்கிப் பரப்பினால் காய்கள் வறுபடாமல் அவிந்துவிடும். 200 டிகிரியில் 2.5 செ.மீ. துண்டு உருளைக்கிழங்கு, கேரட்டுக்கு 35 முதல் 40 நிமிடம். குடைமிளகாய், புரோக்கோலியை 20 நிமிடம் கழித்துச் சேர்க்க வேண்டும். சூடேற்றும் நேரம் தனி. சாதமும் வேண்டுமென்றால் அடுப்பில் இன்னொரு பாத்திரம் ஏறிவிடும். அப்புறம் எங்கே ஒரே பாத்திரம்?

ஒன்றுதான் வாங்குவதென்றால்

உயரம் குறைந்த, அகலமான 5 லிட்டர் ஸ்டீல் குக்கர், அடி கனமாக இருப்பதாகப் பார்த்து. அதன் மேல் சாதாரண மூடி ஒன்றை வைத்தால் இரண்டாவது வகைச் சமையல் முழுவதும் அதிலேயே நடக்கும். உயரமான, ஒடுங்கிய குக்கரில் கறி சிவக்க இடமிருக்காது. இண்டக்‌ஷன் அடுப்பென்றால் காந்தம் ஒட்டும் அடியாக இருக்க வேண்டும்.

எதில் சமைத்தாலும் காயை முதலிலும் கறியைக் கடைசியிலும் நறுக்கினால் பலகையை ஒருமுறை கழுவினால் போதும். அரிசி, பருப்பு ஒட்டிய பாத்திரத்தில் சாப்பிட உட்காரும் முன்பே குளிர்ந்த தண்ணீரை ஊற்றிவையுங்கள். கருகியிருந்தால் தண்ணீரோடு ஒரு டேபிள்ஸ்பூன் சமையல் சோடா போட்டு 10 நிமிடம் கொதிக்கவிடலாம். ஸ்டீலுக்கு மட்டும்தான் இது, அலுமினியம் கறுத்துவிடும். மிஞ்சிய சாதத்தைச் சமைத்த பாத்திரத்திலேயே இரவு முழுக்க வெளியே வைக்க வேண்டாம். வெந்த சாதத்தில் பிழைத்துப் பெருகும் பாக்டீரியா விடும் நச்சு, மறுநாள் சூடுபடுத்தினாலும் அழியாது. தட்டையான டப்பாவில் பரப்பி 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். கழுவ ஒரு டப்பா கூடுகிறதே என்று இதில் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது.