பழைய பொம்மை ரயில் எஞ்சினின் இரைச்சல்: சுத்தம் செய்வதா, காந்தம் மாற்றுவதா, சிடி மோட்டாரா?

கொழும்பில் பரணிலிருந்து இறங்கும் பழைய 12 வோல்ட் எஞ்சின்களில் இரண்டு வகையை அடிக்கடி காணலாம். ஒன்று எக்ஸ்04 என்ற வகை மோட்டார் வைத்த டிரையாங் நிறுவனத்து எஞ்சின், மற்றது தட்டை மோட்டார் வைத்த லீமா நிறுவனத்து எஞ்சின். இரண்டும் கத்தும், ஆனால் காரணம் வேறு, மருந்தும் வேறு.

எக்ஸ்04 என்றால் மோட்டாரைச் சட்டத்திலிருந்து கழற்றித் தனியே ஓடவிட்டுப் பாருங்கள். சத்தம் அடங்கினால் குற்றம் பல்சக்கரத்தில். மோட்டாரில் காசு போடுவது வீண். முன்னே ஓடும்போது மட்டும் கத்தி, பின்னே ஓடும்போது அமைதியானால் தண்டு முன்பின் ஆடுகிறது. அதற்கு மெல்லிய வாஷர் போதும்.

செலவு குறைந்த வழி சுத்தம் செய்வதுதான். தண்டோடு சுழன்று சுருள்களுக்கு மின்சாரம் ஏற்றும் செப்பு வளையமான கொமியூட்டேட்டரை ஐசோபுரோப்பைல் அல்ககோலில் துடைத்து, அதன் மூன்று இடைவெளிகளிலும் உள்ள கரியைப் பல்குத்தும் குச்சியால் கிளறி எடுங்கள். அதில் உரசி மின்சாரம் கொடுக்கும் கரி பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பிரஷ்களை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு காலில் சின்ன மின்காப்புக் குழாய் இருக்கும். அது தொலைந்தால் ஷோர்ட்தான். மோட்டார் செத்துவிட்டதென்று எறியப்படும் பலவற்றில் குறை இவ்வளவுதான். எண்ணெய்க்கு ஊசி நுனியில் ஏறும் ஒரு சொட்டுத் தையல் மெசின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகும். கொமியூட்டேட்டரில் எண்ணெய் பட்டால் கரியோடு குழைந்து கருஞ்சேறாகும். வெள்ளவத்தைக் கடற்காற்றில் கிடந்த எஞ்சினென்றால் தண்டிலும், கம்பிச் சுருளோடு சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் தகடுகளிலும் கறள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுத்தம் செய்த பிறகும் சூடேறி, கூடுதல் மின்னோட்டம் இழுத்து, இழுவை குறைந்தால் காந்தம் வலு இழந்துவிட்டது. அப்போது நியோடிமியக் காந்தம் கைகொடுக்கும். பழைய காந்தத்தைக் காலிப்பரில் அளந்து, முனைகள் பக்கத் தகடுகளைப் பார்க்கும்படி வையுங்கள். இடைவெளி மிஞ்சினால் இரும்புத் துண்டால் நிரப்புங்கள். மின்னோட்டமும் உச்ச வேகமும் குறையும், இழுவை கூடும். எஞ்சின் எதிர்த்திசையில் ஓடினால் காந்தத்தைத் திருப்பிப் போடுங்கள். ஆனால் வலு அளவுக்கு மீறினால் மூன்று முனை ஆர்மேச்சர் மெதுவேகத்தில் திக்கித் திக்கித்தான் சுழலும். பல்சக்கர இரைச்சலுக்கு இது மருந்தே அல்ல.

லீமாவுக்குச் சுத்தம் அரைகுறைத் தீர்வுதான். ஆர்மேச்சர் அசுர வேகத்தில் சுற்ற, பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று மோதி அந்தக் காபி அரைக்கும் ஓசையை எழுப்பும். மருதானையில் எம்2 வகை டீசல் ரயில் எஞ்சின் உறுமுவதைக் கேட்டவர்களுக்கு இது தண்டனை. இங்கே சிடி மோட்டாரே, அதாவது சிடி டிரைவில் இருக்கும் சிறு மோட்டாரை மாற்றிப் போடுவதே மேல். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ, பழுது பார்க்கும் கடையிலோ ஓடாத சிடி டிரைவ் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். சில மோட்டார்கள் தடிப்பாக இருக்கும். ஆகவே முதலில் அளந்துவிட்டே பழைய மோட்டார் இருந்த கூட்டை வெட்டுங்கள். பழைய ஆர்மேச்சரின் சிறு பல்சக்கரத்தை இழுத்தெடுத்துப் புதுத் தண்டில் அழுத்தி ஏற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் தண்டு வளையும். வைஸில் மெல்ல நெருக்குங்கள்.

இந்த மோட்டார்கள் பெரும்பாலும் 6 வோல்ட்டை ஒட்டியவை. 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் பறக்கும், பிறகு வேகும். 100 மில்லி ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு 56 ஓம் ரெசிஸ்டர் 5.6 வோல்ட்டைக் குறைக்கும். அதில் அரை வாட்டுக்கு மேல் சூடு பிறப்பதால் 1 வாட் ரெசிஸ்டராவது போட்டு, பிளாஸ்டிக்கில் தொடாமல் வையுங்கள். ரெசிஸ்டர் வைத்தால் பாரம் ஏறும்போது வேகம் சற்று விழும், அது இந்த வழியின் விலை.

புதுத் தண்டில் ஏற்றிய சிறு பல்சக்கரமும் அடுத்த பல்சக்கரமும் சந்திக்கும் இடத்தில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மோட்டாரை இறுக்குங்கள், பிறகு உருட்டி வெளியே எடுங்கள். இறுக்கம் மிகுந்தால் முனகும், தளர்ந்தால் கடகடக்கும். பிளாஸ்டிக் பற்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ், அதுவும் மெல்லிய பூச்சாக மட்டும். மேல் உடலை மாட்டியதும் புதிதாக ஒரு அதிர்வு கேட்டால், உடல் சட்டத்தில் உட்காரும் இடங்களில் சின்ன ஸ்பொஞ்ச் துண்டு ஒட்டிப் பாருங்கள்.