ஹேவ்லாக் ஸ்கூபா பேக்கேஜ்: மெடிக்கல் ஃபார்ம் தராத இடத்தில் தண்ணீரில் இறங்காதீர்கள்

என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் (ஆஸ்துமா) உண்டு. இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டான். அவனை ஒரு கேள்வியும் கேட்காமல் கடலுக்கடியில் கூட்டிக்கொண்டு போனார்கள். பணம் போனது மட்டும்தான் என்றால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

பிப்ரவரியில் நான், கணவர், தம்பி மூன்று பேரும் அந்தமான் போனோம். ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) கடற்கரையை ஒட்டிய ஒரு ரிசார்ட். நாலு ராத்திரி தங்கல், ஆளுக்கு இரண்டு ஸ்கூபா டைவ் (சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போவது), போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து 1,14,000 ரூபாய். மொத்தத்தையும் முன்னாடியே வாங்கிவிட்டார்கள். புக் பண்ணும்போதே போனில் வீசிங் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் வந்து பாத்துக்கலாம் மேடம்" என்றார் பேசியவர்.

போய் இறங்கியதும் முதல் அடி. படகில் கொண்டுபோய் இறக்குவதாகத்தான் பேச்சு. அங்கே, படகு வேண்டுமானால் ஆளுக்கு 3,000 ரூபாய் தனி, இல்லையென்றால் கரையிலிருந்தே நடந்து இறங்க வேண்டும் என்றார்கள். வாட்ஸ்அப்பில் வந்த பேக்கேஜைக் காட்டினேன். கவுன்டரில் இருந்தவர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. சரி, கரையிலிருந்தே போகிறோம் என்றோம்.

கையெழுத்துப் போட ஒரு தாள் கொடுத்தார்கள். ஏதாவது நடந்தால் ரிசார்ட் பொறுப்பல்ல என்று மட்டும்தான் அதில் இருந்தது. ஆஸ்துமா உண்டா, காது ஆபரேஷன் நடந்ததா, இதய நோய் உண்டா என்று ஒரு வரி இல்லை. தம்பி தானாகவே வாயைத் திறந்து சொன்னான். இன்ஸ்ட்ரக்டர் சிரித்துக்கொண்டே அவன் தோளில் தட்டிவிட்டு சிலிண்டரை மாட்டினார். தடுத்திருக்க வேண்டியவள் நான். அவர்களுக்குத் தெரியாததா என்று சும்மா நின்றேன். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆஸ்துமாவை ஏன் கேட்க வேண்டும் என்பது ஊருக்குத் திரும்பிப் படித்தபோதுதான் புரிந்தது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே இழுத்த மூச்சு, மேலே வரவர இரண்டு மடங்காக விரியும். மூச்சுக்குழாய் சுருங்கியிருந்தால் அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் நுரையீரலையே கிழித்துவிடலாம். அதனால்தான் முறையாக நடத்துகிற இடங்களில் மெடிக்கல் ஃபார்மில் ஆஸ்துமா போன்றவற்றுக்கு 'ஆம்' விழுந்தால் டாக்டர் கடிதம் இல்லாமல் இறக்க மாட்டார்கள்.

எனக்கும் தம்பிக்கும் ஒரே இன்ஸ்ட்ரக்டர். இடுப்பளவு தண்ணீரில் ஐந்து நிமிடப் பயிற்சி, அவ்வளவுதான். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் எப்படி வெளியேற்றுவது என்று சொல்லித்தரவே இல்லை. தம்பியின் ப்ரஷர் கேஜ் (சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் மீட்டர்) என் கண்ணெதிரேதான் தொங்கியது. முள் 120-ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. நிரப்பிய சிலிண்டர் என்றால் 200 பார் (காற்றழுத்த அளவு) பக்கம் காட்ட வேண்டும். அதாவது யாரோ பாதி மூச்சு இழுத்து வைத்த சிலிண்டரை அவன் முதுகில் கட்டியிருக்கிறார்கள். அப்போது அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

கொஞ்ச ஆழம் போனதுமே எனக்கு இடது காதில் ஊசி இறங்குவது போல வலி. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதினேன், காது திறக்கவில்லை. உள்ளங்கையை ஆட்டிக் காட்டிவிட்டுக் காதைத் தொட்டேன். அவர்கள் சொல்லிக்கொடுத்த சைகைதான் அது. ஒரு மீட்டர் மேலே கூட்டிப்போய் நிறுத்தியிருந்தால் சரியாகியிருக்கும். இன்ஸ்ட்ரக்டரோ என் சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்து இன்னும் கீழே அழுத்தினார். போட்டோ எடுக்கிற இடம் அங்கே இருந்ததாம். உயிருள்ள பவளத்தின் மேலேயே முழங்காலை ஊன்ற வைத்து எங்களைப் படம் எடுத்தார்கள். மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றினால் உள்ளே ரத்தம். தண்ணீருக்குள் இருந்தது பன்னிரண்டு நிமிடம். கரையில் தம்பி மூச்சு இழுத்துக்கொண்டு இன்ஹேலரைத் தேடினான். என் கணவர் இறங்கவே இல்லை, அவர் பணமும் திரும்பி வரவில்லை.

இரண்டாவது ஸ்கூபாவுக்கு அவர்கள் தந்த நேரம்தான் உச்சம். ஊருக்குக் கிளம்புகிற நாள் மதியத்துக்கு மேல் டைவ், சாயங்காலம் போர்ட் பிளேருக்குக் கப்பல், மறுநாள் காலை 7 மணிக்கு விமானம். ஒன்றுக்கு மேற்பட்ட டைவ் செய்தவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பது டைவிங்கில் பாலபாடம். இதை எங்களுக்குச் சொன்னது ரிசார்ட் இல்லை. அங்கே வேலை பார்க்கிற ஒரு தமிழர், சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்தவர், குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நாளைக்கு இறங்காதீங்க. பிளைட் இருக்குல்ல." அவர் நல்லா இருக்கணும்.

போட்டோவுக்கு ஆளுக்கு 2,000 தனியாகக் கேட்டார்கள். தரவில்லை. ஒரு படம்கூட எங்களிடம் இல்லை.

சென்னையில் ஈஎன்டி டாக்டர் பார்த்துவிட்டு, அழுத்தத்தால் செவிப்பறை காயப்பட்டிருக்கிறது, நல்லவேளை கிழியவில்லை என்றார். மூன்று வாரம் அந்தக் காதில் எல்லாச் சத்தமும் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போலத்தான் கேட்டது.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் கொடுத்தோம். ரிசார்ட் பதில் தரவில்லை. அந்தமானில் நடந்ததற்கு அங்கே போய் அலைய வேண்டுமோ என்று பயந்தோம். வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஆன்லைனிலும் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. வாட்ஸ்அப் பேச்சு, பணம் கட்டிய ரசீது, டாக்டர் சீட்டு மூன்றையும் பத்திரமாக வைத்திருந்ததுதான் இப்போது கைகொடுக்கிறது. வழக்கு நடப்பதால் ரிசார்ட்டின் பெயரை இங்கே கேட்காதீர்கள்.

ஹேவ்லாக்கில் ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் இறங்கியதற்கு மறுநாள் பக்கத்துக் கடற்கரையில் பார்த்தேன். ஆளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்டர், தண்ணீரில் இறங்கும் முன் கேஜைக் கையில் கொடுத்து எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். இன்ஸ்ட்ரக்டரின் பாடி (PADI) அல்லது எஸ்எஸ்ஐ (SSI) நம்பரைக் கேளுங்கள் (இரண்டும் டைவிங் பயிற்சிச் சான்றிதழ் தரும் அமைப்புகள்), ஆன்லைனில் சரிபார்க்கலாம். முதல்முறை இறங்குகிறவரை 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது, அதையும் கேளுங்கள். முழுப்பணத்தை முன்னாடியே கட்டாதீர்கள்.

லீவுக்குப் புக் பண்ணியிருப்பவர்கள் இன்றைக்கே போன் போட்டு மெடிக்கல் ஃபார்மை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "அதெல்லாம் வந்து பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால், எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.