ராத்திரி பத்து மணிக்கு நெட்டை நிறுத்த: ரவுட்டரா, ஃபேமிலி லிங்க்கா?

ரவுட்டரில் நேரம் குறித்துவிட்டால் டிவி, டேப், லேப்டாப் எல்லாம் ஒரேயடியாகப் படுத்துவிடும். ஆனால் பையனின் போனில் மொபைல் டேட்டா இருந்தால் அவ்வளவுதான், போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். இன்னொரு ஓட்டையும் உண்டு: ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் வைஃபைக்கு உண்மையான மேக் முகவரிக்கு (ரவுட்டர் போனை அடையாளம் காணும் எண்) பதில் வேறொன்றைக் காட்ட முடியும், செட்டிங்ஸில் அதை மாற்றினால் ரவுட்டருக்கு அது புதுப் போன், அந்தப் போனுக்கென்று போட்ட பூட்டு செல்லாது. எங்கள் வீட்டில் இதைக் கண்டுபிடிக்க இரண்டே நாள்!

கூகுள் ஃபேமிலி லிங்க், அதாவது பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் ஆப், போனையே பூட்டும், வைஃபையோ டேட்டாவோ கவலையில்லை. பிள்ளை கையில் ஐபோன் என்றால் இந்தப் பூட்டு வேலைக்கு ஆகாது.

சிம் போட்ட ஆண்ட்ராய்டு என்றால் ஃபேமிலி லிங்க்தான். சின்னப் பிள்ளை, டேப் மட்டும் என்றால் ரவுட்டரே போதும். அப்புறம், ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள், பல ரவுட்டர்களில் அது அடியிலேயே ஒட்டியிருக்கும்.