ட்ரெயிலருக்குள்ள காத்து வேணும்: எமர்ஜென்சி யன்னலா, கூரை ஃபேனா, லூவரா, ஏசியா?

திருகோணமலை நிலாவெளியில எங்கட வளவுக்குள்ள, வாகனத்துக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போய் உள்ளுக்குப் படுக்கிற 16 அடி ட்ரெயிலர் ஒண்டு நிக்குது. சட்டமும் உடம்பும் இங்கயே வெல்டிங் பட்டறையில செய்தது, யன்னலும் கூரை வென்டும் (கூரையில காத்துப் போற துவாரம்) மட்டும் கனடாவில இருக்கிற அண்ணா பெட்டியில போட்டு அனுப்பினது. அண்ணாட்ட அங்க சொந்தமா ஒரு ட்ராவல் ட்ரெயிலர் இருக்கு, கோடைக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு காம்பிங் போறவர். லீவுக்கு வந்து எங்கட ட்ரெயிலருக்குள்ள முதல் இரவு படுத்திட்டு விடிய எழும்பி வந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, இது அவியுதடா, அந்தப் பெரிய யன்னலை ஏன் பூட்டி வச்சிருக்கிறாய்?" எண்டதுதான்.

அந்தப் பெரிய யன்னல்தான் எமர்ஜென்சி யன்னல், ஆபத்து நேரம் தப்பி வெளியேறுறதுக்கு. அப்ப நான் அதைத் திறக்கிறேல்ல. மச்சானுக்கு ஏசி பூட்ட வேணும், எனக்குக் கூரை ஃபேன், அண்ணாவுக்கு யன்னல். மூண்டு கிழமை இந்தக் கதைதான் எங்களுக்குள்ள ஓடினது, எல்லாத்தையும் மாறி மாறிச் செய்தும் பாத்தம், அதாலதான் இதை எழுதுறன்.

முதல்ல எங்கட ஊர்க் காத்தைப் பற்றிச் சொல்ல வேணும், ஏனெண்டால் அது தெரியாமல் எந்த யன்னலையும் பற்றிக் கதைக்க ஏலாது. வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் கச்சான். மேற்கால, காட்டுப் பக்கத்தால வரும், வரேக்கயே சுட்டுக்கொண்டு வரும், புழுதியும் கொண்டு வரும். பின்னேரத்தில சில நாள் கடல்காத்து கிழக்கால ஏறி வந்து ஆளைக் காப்பாத்தும். ஐப்பசியில இருந்து தை மட்டும் வாடை, மழை, கடல் பக்கத்தால அடிச்சு ஊத்தும். ஒரு ட்ரெயிலர் இந்த ரெண்டு காத்துக்கும் தாக்குப்பிடிக்க வேணும். ஒரு விசயம் மறக்கக் கூடாது, வெளியில 35 பாகை எண்டால் எந்த யன்னலைத் திறந்தும் உள்ளுக்கு 30 ஆக்க ஏலாது. பூட்டின தகரப்பெட்டி வெளியை விட மோசமாச் சூடாகிறதைத்தான் காத்தோட்டம் தடுக்கும், பிறகு உடம்பில பட்டு வேர்வையைக் காய வைக்கும், அவ்வளவுதான், ஆனா அந்த அவ்வளவுதான் படுக்கிறதுக்குக் காணும்.

இப்ப அந்த யன்னல். இது சும்மா பெரிய யன்னல் இல்ல. அமெரிக்காவில ட்ரெயிலர் செய்யிறவைக்கு, தீப்பாதுகாப்புச் சங்கத்தின்ர என்எஃப்பிஏ 1192 எண்டொரு தரநிர்ணயம் இருக்கு, கதவைத் தவிர தப்பி வெளியேற இன்னொரு வழி இருக்க வேணும், அந்தத் துவாரத்தால 24 அங்குல அகலமும் 17 அங்குல உயரமும் உள்ள முட்டை வடிவம் ஒண்டு தடையில்லாமல் போக வேணும் எண்டு அது சொல்லுது, அதாவது ஒரு வளந்த ஆளின்ர உடம்பு. அடுப்பும் கதவும் அனேகமா ஒரே பக்கத்தில இருக்கிறதால நெருப்புப் பிடிச்சால் கதவுக்குப் போக ஏலாது, மெல்லிய பலகையும் ஃபோமும் சேர்ந்த ட்ரெயிலர் சில நிமிசத்திலயே முழுக்கப் பத்தும், அந்த நேரம் கட்டில் பக்கத்தில இருக்கிற இந்த யன்னல்தான் உயிர். கீழ ரெண்டு சிவப்புக் கைபிடி, அதை இழுத்து வெளியால தள்ளினால் மேல் பிணைச்சல்ல தொங்கிக்கொண்டு திறக்கும்.

அண்ணா சொன்னதில நியாயம் இருக்கு. எங்கட எமர்ஜென்சி யன்னல் 30க்கு 20 அங்குலம், கூரை வென்ட் 14க்கு 14 அங்குலம். கணக்குப் பாத்தா 600 சதுர அங்குலத்துக்கு 196, மூண்டு மடங்கு. ஆனா இது மேல் பிணைச்சல் யன்னல், முழுக்கத் திறந்து வைக்க ஏலாது, கீழ 6 அங்குலம் தள்ளி முட்டுக் குடுத்தால் கீழ் இடைவெளி 180, ரெண்டு பக்க முக்கோணத்தையும் சேத்தால் 300. அதுவும் நல்ல அளவுதான். அதோட மழை தூறினால் திறந்த யன்னலே தாழ்வாரம் மாதிரி நிண்டு தண்ணியை வெளியால வடிச்சு விடும், இது லூவருக்கும் (சாய்ச்சுத் திறக்கிற கண்ணாடிப் பட்டி யன்னல்) இல்ல, இழுக்கிற யன்னலுக்கும் இல்ல. இந்த ஒரு விசயத்தில அண்ணாவோட நான் முழுசா ஒத்துப்போறன்.

பிரச்சினை கச்சான். ரெண்டாம் நாள் மத்தியானம் தடி ஒண்டை முட்டுக் குடுத்து யன்னலைத் திறந்து வச்சிட்டு எல்லாரும் சாப்பிடப் போயிட்டம். ஒரு வீச்சு அடிச்சுது. யன்னல் மேல எழும்பி, தடி விழுந்து, யன்னல் அப்பிடியே கழண்டு நிலத்தில. இந்த வகை யன்னல் பலதில பிணைச்சல் எண்டு திருகாணி போட்ட சாமான் கிடையாது, மேல் விளிம்பு ஒரு வளைஞ்ச அலுமினியத் தவாளிப்புக்குள்ள கொளுவி நிக்கும், ஒரு அளவுக்கு மேல தூக்கினால் கழண்டு வரும். அதுக்குக் கீழதான் அண்ணாவின்ர மகள் காலையில பாய் போட்டு விளையாடிக்கொண்டு இருந்தவள். அந்த நேரம் அவள் அங்க இல்ல. அதை நினைச்சால் எனக்கு இப்பவும் நெஞ்சு பதறுது. கண்ணாடியில ஒரு மூலை மட்டும் வெடிச்சுது, திரும்பக் கொளுவினம்.

பிறகு ஒழுங்கா யோசிச்சம். முதல்ல மச்சான் சொன்ன வழி, ரெண்டு பக்கமும் சங்கிலி போட்டுத் திருகாணியால இறுக்கிறது. காத்துக்கு அசையாது, உண்மைதான். ஆனா இரவு புகைக்குள்ள ஆர் திருகாணி கழட்டுறது? "மச்சான், அப்பிடிச் செய்தால் அது வெறும் யன்னல், வழி இல்ல" எண்டு நான் ஒரேயடியாச் சொல்லிப்போட்டன். கடைசியில நிண்டது இதுதான்: பிவிசி பைப் துண்டு ஒண்டு, ரெண்டு முனையிலயும் ரப்பர் மூடி, அது அமுக்கத்தில மட்டும் நிக்கும், உள்ளால தள்ளினால் தானா விழும். யன்னல் மேல எழும்பாமல் இருக்க வெல்க்ரோ பட்டி ஒண்டு, ஒரு பிள்ளை ரெண்டு கையாலயும் தள்ளினால் கிழிஞ்சு விடுற அளவுக்கு மட்டும். 10 வயசுப் பொடியனைத் தள்ளச் சொல்லிப் பாத்துத்தான் பட்டியின்ர நீளத்தை வெட்டினம். இப்பிடி இல்லாட்டி அந்த யன்னலை முட்டுக் குடுக்காதேங்கோ, நான் அடிச்சுச் சொல்லுறன்.

அடுத்தது நுளம்பு. 2017இல கிண்ணியாவில டெங்கு எப்பிடிப் பரவினது எண்டு எங்கட மாவட்டத்தில இருக்கிற ஆருக்கும் சொல்லத் தேவையில்ல, நாடு முழுக்க அந்த வருசம் 1,86,000 பேருக்கு மேல டெங்கு. டெங்கு நுளம்பு பகல்ல கடிக்கிறது, விடியவும் பின்னேரமும் கூட. எமர்ஜென்சி யன்னலைத் திறக்கிற நேரமும் அதேதான். ஆனபடியா வலை இல்லாமல் திறக்கிறது எண்ட கதைக்கே இடமில்ல, அதே நேரம் வலையை ஆணி அடிச்சு இறுக்கினால் திரும்பவும் வழி அடைபடுது. கொம்பனி யன்னல் சிலதில வலைச்சட்டத்தில ஒரு இழுக்கிற பட்டி இருக்கும், இழுத்தால் முழுசாக் கையோட வரும். எங்கடதில அது இல்ல, நாங்கள் காந்தப் பட்டி ஒட்டி வலை போட்டம், கையால தட்டினால் விழும். கச்சான் பலமா அடிச்சால் அதுவும் விழும், அதையும் சொல்லத்தான் வேணும். கூரை வென்ட்டுக்கு இந்தத் தலையிடி ஒண்டும் இல்ல, வலை நிரந்தரமா இருக்கலாம், அதால ஒருத்தரும் தப்பி ஓடப் போறேல்ல.

கூரை ஃபேன் எண்ட என்ர கட்சிக்கு வாறன். வெக்கைக் காத்து மேல போகும், அதால கூரையில ஓட்டை போட்டால் காணும் எண்டு கனபேர் நம்புறவை. நானும் அப்பிடித்தான் நம்பினனான். உள்ளுக்கும் வெளிக்கும் 5 பாகை வித்தியாசம், கீழ் யன்னலுக்கும் கூரைக்கும் ஒண்டரை மீட்டர் உயரம் எண்டு வச்சுக் கணக்குப் பாத்தால் அந்த வெக்கை தானா எழும்புற அமுக்கம் 0.3 பஸ்கால் அளவுதான் வருது. செக்கனுக்கு 3 மீட்டர் வேகத்தில வீசுற மெல்லிய காத்து சுவரில முட்டுற அமுக்கம் 5 பஸ்காலுக்கு மேல. அதாவது காத்து இருந்தால் ரெண்டு பக்க யன்னலையும் எதிர் எதிராத் திறக்கிறதுதான் ராசா, ஃபேன் இல்லாத வெறும் கூரை ஓட்டை பக்கத்திலயும் வராது. காத்து விழுந்து, இலை அசையாமல், புழுங்குற இரவு இருக்கெல்லோ, அதுக்குத்தான் ஃபேன். 12 வோல்ட்டில ஓடும், வேகத்தைப் பொறுத்து 2 தொடக்கம் 5 ஆம்ப் எடுக்கும், 3 ஆம்ப்பில 10 மணித்தியாலம் ஓடினால் 30 ஆம்ப்-மணித்தியாலம், 100 ஆம்ப்-மணித்தியாலப் பெட்டரிக்கு அது தாங்கும், பகல்ல சோலார் அதைத் திருப்பிப் போட்டுடும்.

ஆனா ஃபேனை வெளியால இழுக்க விட்டிட்டு எல்லா யன்னலையும் பூட்டினால் பிரயோசனம் இல்ல, காத்து வர வழி இல்லாமல் வெறும் சத்தம்தான் வரும். அதோட ஆபத்தும் இருக்கு, உள்ளுக்கு காஸில எரியிற சாமான் ஏதும் இருந்தால் அதின்ர புகையையும் ஃபேன் உள்பக்கம் இழுத்துக்கொண்டு வரும், கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்ல நிறமும் இல்ல. நித்திரைக்குப் போற ஆளின்ர தலைமாட்டு யன்னலை ஒரு சாண் திறந்து, ஃபேனை மற்ற முனையில ஓட விட்டால் காத்து ஆளுக்கு மேலால போகும். அந்தச் சாண் யன்னல் எமர்ஜென்சி யன்னலா இருந்தால் இன்னும் திறம், கட்டில் பக்கத்தில இருக்கிறது அதுதானே. இப்பிடிப் பாக்கேக்க அண்ணாவும் நானும் எதிர்க்கட்சி இல்ல எண்டு மூண்டாம் கிழமைதான் எங்களுக்கு விளங்கினது.

காஸ் பற்றி இன்னொண்டு. 2021 கடைசியில நாடு முழுக்கக் காஸ் அடுப்பு வெடிச்ச நேரம் எங்கட அம்மா மாதக் கணக்கா விறகில சமைச்சவ, அந்தப் பயம் எங்கட வீட்டில இன்னும் போகேல்ல. எமர்ஜென்சி யன்னல் திறந்திருக்கு, காஸ் கசிஞ்சாலும் போயிடும் எண்டு ஆரும் நினைக்கக் கூடாது. சமையல் காஸ் காத்தை விடப் பாரம், நிலத்தில தேங்கும், உயரத்தில இருக்கிற யன்னலாலயும் கூரையாலயும் அது போகாது. அதுக்குத் தரையில ஓட்டை வேணும். ட்ரெயிலர் செய்யேக்க அடுப்புக்குக் கீழ ரெண்டு ஓட்டை விட்டு வலை அடிக்கச் சொல்லுங்கோ.

லூவர் யன்னல் மலிவு, எங்கட ஊரிலயே வாங்கலாம், கண்ணாடி உடைஞ்சால் அண்டைக்கே மாத்தலாம், வலை உள்ளால நிரந்தரமா நிக்கும். ஆனா இறுக்கமாப் பூட்டாது, கச்சானில புழுதியும் வாடையில சாரலும் இடுக்கால வரும். ஆளும் அதுக்குள்ளால போக ஏலாது. பக்கச்சுவரில துணையா ரெண்டு போடலாம், எமர்ஜென்சி யன்னலுக்குப் பதிலா அதைப் போடுறது எண்டு வெல்டிங்கார அண்ணை கேட்டவர், நான் வேண்டாம் எண்டிட்டன்.

ஏசி: 13,500 பிடியூ (குளிராக்கிற வலுவின்ர அளவு) கூரை ஏசி ஓடேக்க ஏறக்குறைய 1500 வோட் எடுக்கும், தொடங்கேக்க அதை விடக் கூட. வளவில கரண்ட் இருக்கேக்க சரி, கடற்கரையில நிப்பாட்டினால் ஜெனரேட்டர் வேணும், ஜெனரேட்டர் ஓடினால் அதின்ர புகை வாற பக்கத்து யன்னலைப் பூட்ட வேணும். அமெரிக்கச் சாமான் வாங்கினால் அது 120 வோல்ட், எங்கட 230க்கு நேரா ஒத்துவராது. மச்சானுக்கு அவ்வளவு சந்தோசமில்லாத பதில்தான், ஆனாலும் சித்திரை, வைகாசி மத்தியானத்துக்கு அவர் சொல்லுறது பிழை இல்ல. கதவைத் திறந்து வலைக்கதவு போடுறதும் ஒரு வழி, பகலுக்கு மட்டும், குரங்கு திரியிற இடத்தில அதுவும் இல்ல.

வாடைக்குக் கணக்கு வேற. மழைக்கு எல்லாத்தையும் இறுக்கிப் பூட்டிப்போட்டு நாலு பேர் படுத்தால் அவையின்ர மூச்சிலயும் வேர்வையிலயும் இருந்தே ஒரு லீட்டர் அளவு தண்ணி ஒரு இரவில வெளிவரும், விடிய மெத்தையின்ர அடிப்பக்கம் ஈரம், பத்து நாளில பூஞ்சணம். அப்ப கடல் பக்கத்து யன்னலைப் பூட்டி, காத்து மறைவுப் பக்கத்து எமர்ஜென்சி யன்னலை ரெண்டு அங்குலம் திறந்து, ஃபேனைக் குறைஞ்ச வேகத்தில விடுறது. மேல் பிணைச்சல்தான் இங்க கைகுடுக்குது. எங்கட ட்ரெயிலர்ல கதவு இடப்பக்கம், எமர்ஜென்சி யன்னல் வலப்பக்கம், அதால மழைக்கு முதல் வண்டியைத் திருப்பி வலப்பக்கம் மேற்குப் பாக்க நிப்பாட்டுறம். புயல் எச்சரிக்கை எண்டால் இந்தக் கதை ஒண்டும் இல்ல, 2020 மார்கழி 2ஆம் திகதி இரவு புரெவி முல்லைத்தீவுக்கும் எங்களுக்கும் இடையால கரையேறினது, அப்பிடி இரவில ட்ரெயிலருக்குள்ள ஆரும் படுக்கக் கூடாது.

உப்புக்காத்துக்குப் பிணைச்சலும் கைபிடியும் கறள் பிடிக்கும், ரப்பர் கண்ணாடியோட ஒட்டும். ஒரு வருசம் திறக்காமல் விட்ட எங்கட யன்னலை அண்ணா முதல் நாள் தோளால இடிச்சுத்தான் திறந்தவர். காத்துக்கு எண்டு அப்பப்ப திறக்கிறதின்ர பெரிய லாபம் இதுதான் எண்டு எனக்கு அண்டைக்கு விளங்கினது, அதால இப்ப நான் பூட்டி வைக்கிறேல்ல. ரப்பருக்கு சிலிக்கன் ஸ்ப்ரே அடிக்கிறன், எண்ணெய் பூசினால் ரப்பர் ஊதிப் பழுதாப்போகும். ஓட வெளிக்கிட முதல் ரெண்டு சிவப்புக் கைபிடியும் சரியாப் பூட்டி இருக்கோ எண்டு கையால தொட்டுப் பாக்கிறன்.

அண்ணா போறதுக்கு முதல் நாள் பின்னேரம் பிள்ளையள் எல்லாரையும் அந்த யன்னலால இறங்கப் பழக்கினம், வயிறு கீழ, கால் முதல்ல. உள்ளால விளிம்பு இடுப்பளவு, வெளியால நிலத்துக்கு அஞ்சடி. பிள்ளையள் இறங்கிட்டினம். அம்மாவால ஏலேல்ல. அதால அவ வந்து படுக்கிற நாளில கதவுப் பக்கக் கட்டில் அவவுக்கு, யன்னலுக்கு வெளியால சீமெந்துக் கல்லில ரெண்டு படியும் கட்டுறம், ஐப்பசி மழைக்கு முதல் முடிக்க வேணும்.