ஊட்டியில் 'பங்கர் ஸ்பெஷல்' கோல்ஃப் வகுப்பா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஊட்டி, குன்னூர் பக்கம் காட்டேஜ்களில் நோட்டீஸ் ஒட்டி, முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிக்கொள்ளும் ஒரு கோல்ஃப் கோச்சைப் பற்றிய பதிவு இது. பெயர் போடவில்லை. இங்குள்ள கிளப் மைதானங்களுக்கும் இந்த ஆளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நானும் மச்சானும் புல்லில் ஓரளவு ஆடுவோம், பந்து பங்கரில், அதாவது மைதானத்தில் தடையாக வைத்திருக்கும் மணல் குழியில், விழுந்தால் போச்சு. அதற்காகத்தான் சேர்ந்தோம். மனுஷர் வலை கட்டி, செயற்கைப் புல் பாயில் அடிக்க வைத்துக்கொண்டே இருந்தார். மணல் எங்கே சார் என்றால் மழை, பனிமூட்டம், பர்மிஷன் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். கடைசியில் ஒரு காட்டேஜின் பின்பக்கம் தார்ப்பாய் விரித்து, யாரோ வீடு கட்டி மிச்சமான எம்-சாண்டைக் கொட்டி, இதுதான் பங்கர் என்றார்! நிஜ பங்கரின் அடியில் நாலைந்து அங்குலமாவது மணல் இருக்கும். இங்கே ஓர் அங்குலம்கூட இல்லாததால் மட்டை கெட்டித்தரையில் மோதி மச்சானுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

பாடம் அதைவிட மோசம். கையை முன்னால் தள்ளி நேராகப் பந்தை அடி என்றார். அது புல்லிலிருந்து பந்தைக் கொஞ்ச தூரம் தட்டிவிடும் சிப் ஷாட் ஐயா. கிரீனை (குழி இருக்கும் குட்டைப் புல்தரையை) ஒட்டிய பங்கரில் மட்டை பந்தைத் தொடவே கூடாது, மட்டையின் முகத்தை மேல்நோக்கித் திறந்து வைத்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறக்கி, பாதியில் நிறுத்தாமல் சுற்றி முடித்தால் மணல்தான் பந்தை வெளியே தூக்கிப் போடும். போதாததற்கு, அடிக்கும் முன் பந்துக்குப் பின்னால் மணலை மட்டையால் தட்டிப் பார்க்கச் சொன்னார். மொத்த ஸ்ட்ரோக்கை (அடிகளை) எண்ணும் போட்டியில் அதற்கு இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். 2019இல் விதிகளைத் தளர்த்தி, பங்கரில் கிடக்கும் இலை, குச்சியை எடுக்கலாம் என்றார்கள், ஆனால் மணலைத் தட்டிப் பார்ப்பதை அனுமதிக்கவில்லை.

அப்புறம் 'ஃபாரின் சாண்ட் வெட்ஜ்' (மணலிலிருந்து அடிப்பதற்கான மட்டை) என்று ஆளுக்கொரு பழைய மட்டையைத் தலையில் கட்டினார். அடியில் 60, 04 என்று பொறித்திருந்தது. முதல் எண் லாஃப்ட், அதாவது மட்டை முகத்தின் சாய்வு; இரண்டாவது பவுன்ஸ், அதாவது அடிப்பாகத்தின் கோணம். இரண்டும் டிகிரியில். வழக்கமான சாண்ட் வெட்ஜ் 54 முதல் 58 டிகிரி, பவுன்ஸ் பத்துக்கு மேல். அந்தத் தடித்த அடிப்பாகம்தான் மட்டையை மணலில் புதையவிடாமல் வழுக்கிக்கொண்டு போகச் செய்யும். அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜீன் சாரசன் 1930களில் வெட்ஜின் அடியில் உலோகம் சேர்த்தது இதற்குத்தான். கேட்டால், மலை மழையில் மணல் இறுகிவிடும், பவுன்ஸ் குறைவுதான் நல்லது என்கிறார். இறுகிய ஈர மணலுக்கு அது உண்மைதான், ஆனால் புதிதாகக் கற்பவன் கையில் ஒரே வெட்ஜாகக் கொடுக்கிற சாமானா அது?

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 'அட்வான்ஸ் ரிட்டர்ன் கிடையாது' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ், அதோடு பிளாக். இப்போது கோத்தகிரியிலும் அதே நோட்டீஸைப் பார்த்ததாக ஒரு நண்பர் சொன்னார். சேர்வதென்றால் மணலை முதலில் காட்டச் சொல்லுங்கள், வகுப்புக்கு வகுப்பு மட்டும் பணம் கொடுங்கள், மட்டையை அவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.